நீ தராத நீல ஃபைட்டர்

மாப்ளே,

இன்று காலை டிரம்மின் மூடியைத் திறந்ததும் பச்சைத் தண்ணீரின் பாசி வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே உன் டாப்னியா. கடுகை விடச் சின்னதான அந்தத் தண்ணீர்ப்பூச்சிகள் எப்போதும் போலத் துள்ளிக்கொண்டிருந்தன. நீ இல்லை என்று அவற்றிடம் யார் சொல்வது? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சித்திரை வெயிலில் கீழே உன் போடியில் இந்தப் பூச்சி கூண்டோடு செத்துப்போகும். அதனால் அதற்கு முன்பே, தோட்ட ஆட்கள் ஏறும் ஜீப்பில் ஒரு கேன் பூச்சி மேலே மலையில் என் போடிமெட்டுக்கு வந்துவிடும். ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் நிழலில் வைத்து, ஈஸ்ட் கரைத்து ஊற்றி வளர்த்து, வடிகட்டி உனக்குக் கொண்டுவருவேன். ஐப்பசி மழை விழுந்ததும் கேன் உன் வீட்டுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகும் மீனைப் பார்க்க ஞாயிறுதோறும் இறங்குவேன். உன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வயிறு எரியும். வரிசையாகத் தொட்டிகள், நீலமும் சிவப்புமாக ஃபைட்டர் மீன்கள். தீனி வளர்ப்பது நான், வாலாட்டுவது உன்னிடம்!

பக்கத்துத் தெருக்காரர், பஸ் கண்டக்டர், உன் பல் டாக்டர் என்று கேட்டவருக்கெல்லாம் ஜோடி ஜோடியாகக் கொடுத்தாய். நான் கேட்டால் மட்டும், "ஒன் ஊரு குளிருக்கு நிக்காது மாப்ளே" என்பாய்.

"ஹீட்டர் வாங்கிக்கிறேன்டா."

"அங்க கரண்டு நிக்குமா? சும்மா இரு. டீ ஆறுது, வெரசா குடி."

கண்ணாடியைக் காட்டினால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும் அந்த நீல மீன். அதைக் காட்டி, "இந்தா, ஒன் மூஞ்சி" என்று சிரிப்பாய்.

இந்த வருஷம் கேனைத் திருப்பி அனுப்புவதற்குள் நீ போய்விட்டாய். மீன்கள் கீழே தேவாரம் ஊருக்குப் போயின, உன் மச்சினனுக்கு. கருமாதி அன்று தொட்டிகளை வேனில் ஏற்றியதை நின்று பார்த்தேன். என்னைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உன் மேல் வந்த கோபத்தில் அழுகைகூடச் சரியாக வரவில்லை.

போன வாரம் உன் மச்சினன் போன் செய்தான். "அண்ணே, கடைத் தீனிய சரியாத் தொட மாட்டேங்குது. அந்தப் பூச்சியக் கொஞ்சம் கொண்டாங்கண்ணே."

கிடக்கட்டும் பட்டினி என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. மறுநாளே கேனோடு இறங்கினேன். நீல ஃபைட்டர் இளைத்துப்போய் மூலையில் கிடந்தது. பூச்சியை ஊற்றியதும் கண்ணை மட்டும் அசைத்தது. பிறகு ஒரே பாய்ச்சல்.

உன் மச்சினன் நல்ல பிள்ளைதான். "ஒங்களுக்கு எதுக்குண்ணே வாரா வாரம் அலைச்சல்? கேனோட குடுத்துட்டுப் போங்க. நானே வளத்துக்கிறேன்" என்றான்.

மார்கழிப் பனிக்குத் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றான் அவன்.

"ஒன் ஊரு வெயிலுக்கு நிக்காதுப்பா. நானே கொண்டு வர்றேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. அடப்பாவி! ஜோடி வாங்கிப்போன எவனும் மறுபடி உன் வீட்டுப் படி ஏறி நான் பார்த்ததில்லை. இதற்குத்தானா எனக்கு மட்டும் தரவில்லை?

நாளை ஞாயிறு. கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உன் நீல மீன் இன்னொருவன் வீட்டில் இருக்கிறது, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. காலை முதல் ஜீப்புக்கே இறங்குகிறேன்.