கொடியில் இல்லாத சிங்கம்

அனுப்புநர்:
சூசை பேதுரு,
மீன் தொழிற்சாலைத் தொழிலாளி,
பிரெடெரிசியா, டென்மார்க்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
குடும்பத்தினரை அழைக்கும் விண்ணப்பப் பிரிவு.

விடயம்: எத்தியோப்பியர் திரு. தெஸ்பாயே தம் மனைவியை அழைக்கக் கொடுத்த விண்ணப்பம், ஒரு கொடியைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இதை டேனிஷில் மாற்றித் தரும் விக்ரோரியா அக்கா நான் சிரிக்கச் சொல்லும் பகிடிகளை வெட்டிவிடுவதாகச் சொன்னார். ஒன்றிரண்டு தப்பி வந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. தெஸ்பாயே என்னோடு ஒரே மேசையில் மீன் வெட்டுபவர். அவருடைய நாட்டில் அரசரை இறக்கிய இராணுவ அரசாங்கம் அவருடைய தமையனைக் கொன்றது. அவர் தப்பி இங்கே வந்தார். மனைவி சூடானில் காத்திருக்கிறார்.

3. இந்த நாட்டில் பிறந்தநாள் என்றால் கொடி வைக்க வேண்டும். பூனைக்கும் வைக்கிறார்கள். தெஸ்பாயேக்கும் ஆசை வந்தது. அவர் விரும்பியது அரசர் காலத்துக் கொடி: பச்சை, மஞ்சள், சிவப்பு, நடுவில் முடி சூடிய சிங்கம். கடிதத்தில் ஒட்டும் பழைய முத்திரை ஒன்றைக் காட்டித் தைத்துத் தரச் சொன்னார். ஊரில் கிழிந்த வலை பொத்திய கைதானே என்று ஒப்புக்கொண்டேன்.

4. மூன்று நிறமும் ஒரு பின்னேரத்தில் முடிந்தது. சிங்கத்துக்குத்தான் ஊசி ஏறவில்லை ஐயா. இலங்கையில், மன்னாரில் எங்கள் கரைக்கு ஆமி வந்த வாகனத்தில் நாட்டின் சிங்கக் கொடி பறந்தது. நாங்கள் தங்கும் வாடியும் கடலுக்குப் போகும் வள்ளமும் அதன் கீழே எரிந்தன. தெஸ்பாயேயின் சிங்கம் பிடித்திருப்பது சிலுவை, எங்கள் நாட்டுச் சிங்கம் பிடித்திருப்பது வாள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டும் ஒரே மாதிரித்தான் காலைத் தூக்குகின்றன.

5. ஆகவே நடுவை வெறுமையாக விட்டேன். “சிங்கம் மேயப் போயிட்டுது, வந்த உடன கட்டிவிடுறன்” என்று அவருக்குப் பகிடியும் விட்டேன். வராவிட்டால் கேக் மிஞ்சும் என்று அவர் சிரித்தார். கொடியை அப்படியே அறைச் சுவரில் தொங்கவிட்டார். படம் எடுத்தோம். மனைவி வந்தால் இருக்க இடம் உண்டு என்று காட்ட, அந்தப் படத்தையே விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டார்.

6. சிங்கம் இல்லாத மூன்று நிறம் அரசரை இறக்கிய அரசாங்கத்தின் கொடி என்று தங்கள் கடிதம் சொல்கிறது. அதன் கீழ் பிறந்தநாள் கொண்டாடுபவர் அந்த அரசாங்கத்துக்குப் பயந்தவர் அல்லர் என்றும் சொல்கிறது. சிங்கத்தை விட்டது என் பயம் ஐயா. அதற்கு அவருடைய மனைவி சூடானில் இருக்க வேண்டியதில்லை. கடிதம் வந்ததிலிருந்து என் பகிடிகள் மீன் தலையோடு கழிவுக்குப் போகின்றன.

7. நேற்றுச் சிங்கத்தைத் தைத்து முடித்தேன். என்னோடு அறையில் இருக்கும் குணசேகரம், “அண்ணை, கடல் தாண்டி வந்தும் அதை வீட்டுக்கை கூட்டிக்கொண்டு வந்திட்டியள்” என்று சொல்லி வெளியே போய்விட்டான். கொடியை இத்துடன் அனுப்புகிறேன். தெஸ்பாயே கேட்டது இதைத்தான். பார்த்து, அவருடைய விண்ணப்பத்தை மறுபடி கையில் எடுத்து, மனைவி வந்து சேர வழி விடும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

8. என் மனைவி பற்றிமாவின் விண்ணப்பமும் தங்களிடம்தான் பதில் இல்லாமல் கிடக்கிறது. சிங்கம் தைத்தவன் சிங்கத்துக்குப் பயந்தவன் அல்லன் என்று அதில் எழுதிவிட வேண்டாம். கொடியில் வால் கோணலாக இருக்கும் இடத்தைப் பார்க்கவும். அங்கேதான் என் கை நடுங்கியது.

பிரெடெரிசியா,
14.11.1988

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
சூசை பேதுரு