பக்கத்தில் ஆளில்லாத ஆங்கிலம்

துஷான்பே,
9 நவம்பர் 2003

என் சவ்சனுக்கு,

கல்யாணமாகி மாஸ்கோ போனவள் ஒரு வரி எழுதவில்லை. கோபம்தான். உன் குல்மமத் நலமா?

இன்று ஆங்கில வகுப்பில் முனீரா டீச்சர் என்னைப் பாராட்டினார். "ஸரங்குல் இப்பல்லாம் ஒரு வார்த்தைகூடக் கலக்காம பேசுறா. நீங்க மட்டும் ஏன்பா தாஜிக்கைக் கலக்குறீங்க?" என்று மற்றவர்களைக் கேட்டார்.

"தப்பா இங்கிலீஷ் பேசினா சிரிக்கிறாங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. "தாஜிக்ல சொன்னாத்தான் ஜோக்கு ஜோக்கா இருக்கு" என்றான் பர்விஸ். வகுப்பே சிரித்தது.

நான் ஏன் கலப்பதில்லை என்று யாரும் கேட்கவில்லை. நீ பக்கத்தில் இருந்தபோது, புரியாததையெல்லாம் நம் ஷுக்னியில் உன் காதோடு கேட்பேன். இந்த வகுப்பில் வேறு யாருக்கும் நம் மலைப் பேச்சு தெரியாது. யாரிடம் கலப்பேன்? அதை எழுதியும் நமக்குப் பழக்கமில்லை. இந்தக் கடிதம்கூடத் தாஜிக்கில்தான்.

உன்
ஸரங்குல்


மாஸ்கோ,
20 ஜனவரி 2004

ஸரங்குல்,

கோபித்துக்கொள்ளாதே. ரொட்டிக் கடையில் வேலை. கால் வீங்கித்தான் வீடு திரும்புகிறேன். என் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லையாம், ஸ்வேதா என்கிறார்கள். "கடையில நின்னுக்கிட்டு உங்க பாஷை பேசாதே" என்றாள் முதலாளியம்மா. பேச யார் இருக்கிறார்கள்? குல்மமத் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வருவதில்லை.

நீ பாராட்டு வாங்கியதில் சந்தோஷம். படிப்பை விட்டுவிடாதே, நான் விட்டது போதும். மார்ச் எட்டாம் தேதி மதியம் தொலைபேசி நிலையத்துக்கு வா, கூப்பிடுகிறேன். நம் பேச்சைக் காதால் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

சவ்சன்


துஷான்பே,
8 மார்ச் 2004

சவ்சன்,

இப்போதுதான் அறைக்கு வந்தேன். மகளிர் தினம் என்று தெருவெல்லாம் பெண்கள் கையில் பூங்கொத்து.

"சாப்டியாடி?" என்று நம் பேச்சில்தான் ஆரம்பித்தாய். பிறகு ஒரு ருஷ்ய வார்த்தை, இன்னொன்று. குல்மமத் பேச்சு வந்ததும் எல்லாமே ருஷ்யமாகிவிட்டது. நீ கவனிக்கவே இல்லை. உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் என் பள்ளியில் ருஷ்ய டீச்சரே இல்லை என்பது உனக்குத் தெரியும். புரிந்தவள் போல "ம், ம்" என்றேன். நீ பேச்சை நிறுத்தினாய். ஏதோ வேடிக்கையாகச் சொன்னாய் என்று நினைத்துச் சிரித்தேன்.

"சிரிக்கிறியா?" என்றாய். இணைப்பு போய்விட்டது. நிலையம் மூடும் வரை உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பக் கூப்பிடவில்லை.

என்ன சொன்னாய்? எப்படிக் கலந்தாவது எழுது.

ஸரங்குல்


துஷான்பே,
30 மே 2004

சவ்சன்,

நான் போட்ட கடிதங்கள் திரும்பி வருகின்றன. அந்த விலாசத்தில் நீ இல்லையாம்.

நீ திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வார்த்தை காதிலேயே இருந்தது. வகுப்பில் கேட்கக் கூச்சம். விடுதிக் காவல்கார அம்மாவுக்கு ருஷ்யம் வரும் என்று இன்றுதான் தெரிந்தது. சொல்லிக்காட்டிக் கேட்டேன்.

"கைவிட்டுட்டான்னு அர்த்தம். யாரைம்மா?" என்றார்.

இதையும் பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன். புரியாமல்தான் சிரித்தேன், சவ்சன்.

ஸரங்குல்