அப்பா என்னிடம் நீட்டிய காகிதம்

ஜூன் 12, 2024

இன்று வீட்டில் கோழிக் குழம்பு. எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

தபால்காரர் சென்னைக் கோர்ட்டு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு பக்கமும் இங்கிலீஷ். போன வருஷம் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு தமிழில் வந்தது. காட்டேஜ் கட்ட வந்தவர் உரிமை கேட்ட சாமைக் கொல்லை நமக்குத்தான் என்று அப்பாவே வாய்விட்டுப் படித்தார். இதை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"செவ்வந்தி, இன்னாம்மா போட்டுகிது?"

சுற்றி எட்டுப் பேர். அர்ச்சுனன் என்ற அப்பா பெயரும் 'ஜட்ஜ்மென்ட்' என்பதும்தான் எனக்குப் பிடிபட்டன. பத்தாவதில் இங்கிலீஷில் தொண்ணூற்று மூன்று எடுத்தவள் நான். அத்தனையும் மனப்பாடம் என்று யாருக்குத் தெரியும்?

"நாமதான் ஜெயிச்சோம்ப்பா. கேசு முடிஞ்சிபோச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன்?

ஜூன் 13

எதிர்வீட்டு இளவழகன் மாமா, "வக்கீலம்மா ஸ்கூலுக்குப் போவுது, வழி வுடுங்கடா" என்றார். அப்பாதான் அதிகம் சிரித்தார்.

ஜூன் 17

எல்லாரும் தூங்கிய பிறகு அகராதியோடு உட்கார்கிறேன். அப்பாவின் பட்டன் போனில் டார்ச் மட்டும்தான் உதவி. கூடப் படிக்கும் வெற்றிச்செல்வனிடம் டச் போன் இருக்கிறது. அவனிடம் காட்டினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஒரு வரிக்கு ஓர் இரவு போகிறது.

ஜூன் 20

பூவிழி டீச்சர் உலக வரைபடத்தில் குச்சியை வைத்துக் காட்டினார். பிரேசிலில் போர்ச்சுகீஸ். செனகலில் பிரெஞ்சு. "கப்பல்ல வந்தவன் ஆட்சி போச்சு, பேச்சு போவல" என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

செனகலில் கொல்லை வைத்திருக்கும் ஓர் அப்பாவுக்குக் கோர்ட்டுக் காகிதம் வந்தால் யாரிடம் நீட்டுவார்? அவர் மகளாவது உண்மையைச் சொல்லியிருப்பாளா?

வகுப்பு முடிந்தும் மேசை அருகே நின்றேன்.

"இன்னா செவ்வந்தி?"

"ஒண்ணுமில்லைங்க டீச்சர்."

ஜூன் 23

புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

காட்டேஜ் கட்ட வந்தவர் விடவில்லை, மேலே அப்பீல் போயிருக்கிறார். ஜூன் 27, காலை பத்தரைக்கு அப்பாவோ வக்கீலோ போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் நாங்கள் இல்லாமலே முடிவு செய்துவிடுவார்கள்.

அப்பா இன்று அந்தக் கொல்லையில்தான் விதைத்தார். "கேசு இல்லாத மண்ணு, காலு தானா நடக்குது" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 24

சொல்லவில்லை.

ஜூன் 25

இன்றும் சொல்லவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஜுரம் என்றார். ஓடிப்போய்விடலாமா — மலைக்குக் கீழே அமிர்தி வரைக்கும் காட்டு வழி தெரியும். போய்? அங்கே இருந்தாலும் 27 வரத்தானே போகுது. இன்னா பண்ணுவேன். யார்கிட்ட சொல்லுவேன்.

ஜூன் 26, மதியம்

சொல்லிவிட்டேன். அப்பா வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பொய் சொன்னேம்ப்பா. எனக்கு அந்த இங்கிலீஷு தெரியாது. கேசு முடியல. கோர்ட்டுக்கு வரச் சொல்லிக்கிறாங்க."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். எதுவும் விழவில்லை.

"எத்தினி நாளு கீது?"

"நாளைக்குப்பா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா அரிவாளைக் கீழே வைத்தார்.

"நீயும் கெளம்பு."

ஜூன் 27

ராத்திரியே பஸ் பிடித்துச் சென்னைக் கோர்ட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா பெயரை வெள்ளைக்காரர் பெயர் மாதிரி யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து நின்றோம். முன்னால் நாலைந்து பேர் இங்கிலீஷில் பேசினார்கள். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. எங்கள் கொல்லையைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

அப்பா என் பக்கம் குனிந்தார். "இன்னா சொல்றாங்க?"

நாக்கு நுனி வரை ஒரு பொய் வந்தது.

"தெரியலப்பா."

தலையாட்டினார். வெளியே போன ஒரு கறுப்புக் கோட்டின் பின்னால் ஓடினார். "ஐயா, எங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க."

அவர் நின்று சொன்னார். "உங்களுக்கு டைம் கொடுத்திருக்காங்க. ஜூலை பதினெட்டு, வக்கீலோட வாங்க." அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் இந்த நோட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அப்பா பார்த்தார். நான் ஒளிக்கவில்லை.

"அதுல எழுதிக்கோ. தேதி மறந்துடப் போவுது" என்றார்.

ஜூலை 18.