மணி இல்லாத சைக்கிள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் தணிந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? கூலாயில் என் வேலையும் உடம்பும் சீராகவே இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை, சரளைப் பாதைக்கென்று வாங்கிய அந்தச் சைக்கிளில் பண்டார் தெங்காரா பக்கம் போனேன். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை மெல்ல இறங்கி ஆற்றங்கரையோடு போய்ச் சேர்கிறது. முனியாண்டி கோயில் திருப்பத்தில் கல் வழுக்கி விழுந்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்புதான், ஆறிவிட்டது.

சாமிக்குப் பூ வைக்க வந்த ராசம்மா அக்கா என்னைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.

"லோரிக்காரங்களே இங்க ஹாரன் அடிச்சு முனியாண்டிக்குச் சொல்லிட்டுத்தான் போவாங்க. நீ சத்தமே இல்லாம போறியே லா!"

"இந்த சைக்கிள்ல மணி இல்லக்கா."

"அலமாக்! இவ்ளோ வெல குடுத்து மணி இல்லாமலா வாங்கினே? அப்ப வாயால அடி."

அடித்தேன் அப்பா, கிணிங் கிணிங் என்று. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததிலிருந்து யாருடனும் பேசாததால் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

தனியாகப் போகிறாய், சைக்கிளை விற்றுவிடு என்று போன முறை நீங்கள் சொன்னீர்கள். அந்தப் பாதையில் போய்வந்தால்தான் எனக்கு நல்ல தூக்கம் வருகிறது. வீட்டுப் பின்புறம் நிற்கும் உங்கள் பழைய சைக்கிளின் மணியைக் கழற்றி, உங்கள் கைலி ஒன்றில் சுற்றி அனுப்புவீர்களா? மணி வந்தால் உங்கள் சம்மதமும் வந்ததாக எடுத்துக்கொள்வேன்.

மழை இருட்டிக்கொண்டு வருகிறது, கொடியில் துணி கிடக்கிறது. கைலியைத் துவைக்க வேண்டாம் அப்பா, அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் மகள்
தேன்மொழி