எண்ணெய்த் தலைகளும் பிரெஞ்சுப் பாதிரியாரும்

இன்று காலை டிரையரிலிருந்து கம்பளி ஸ்வெட்டரை உருவியபோது சடசடவென்று பொறி பறந்தது. விரலில் சுருக்கென்றது. உன்னை நினைத்துச் சிரித்தேன். பிறகு அந்த ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ இல்லாமல் இது இரண்டாவது குளிர்காலம்.

பிழைக்க வந்த இந்தத் தூர தேசத்தில், மங்கரேயில் நாம் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் மதுரைக்காரி, எல்லர்ஸ்லியில் ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். நீ யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவள். இங்கே விமான நிலையத்தின் கார்கோ ஷெட்டில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாய். நான் உன்னை ‘நீ’ என்றேன். நீ என்னைக் கடைசிவரை ‘நீர்’ என்றாய். துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நீ பேசியதெல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான்: மன்னராட்சிக் காலத்துப் பாரிஸில் வாழ்ந்த ஒரு பாதிரியார், மின்சாரத்தைச் சனங்களுக்குக் காட்டியவர்.

“அந்த மனுசன் வயல் உழுத ஒரு கமக்காரன்ர பிள்ளை. சாமியாராகத்தான் படிக்க விட்டவை. அவர் என்னெண்டா அரத்தையும் கடைசல் பட்டறையையும் பிடிச்சிட்டார். தன்ர கருவியளைத் தானே செய்தவர், தெரியுமே?” என்பாய். அவர் செய்து காட்டுவதைப் பார்க்கப் பெண்களும் வந்து நெருக்கியடித்தார்களாம். அரண்மனைப் பிள்ளைகளுக்கும் அவர்தான் வாத்தியாராம். துறவிகளை வரிசையாக நிறுத்திக் கைகோக்கச் சொல்லி, ஒரு ஜாடியில் சேர்த்துவைத்த மின்சாரத்தை விட்டாராம். அத்தனை சாமியார்களும் ஒன்றாகத் துள்ளினார்களாம். இதை நீ எத்தனை தடவை சொன்னாலும், துள்ளுகிற இடத்தில் நீயும் ஒரு துள்ளு துள்ளுவாய். கிளிப்பெல்லாம் புல்லில் விழும்.

உனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: மறுபடி ஒரு வகுப்பு. மனுகாவில் நடந்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துப் போனேன். அங்கிருந்த தலைவர் தாடையைத் தடவினார். “ஒரு சனிக்கிழமை தர்றேன் மேடம். பசங்க போரடிக்குதுன்னு சொன்னா அதோட விட்டுடலாம்.” காரில் வரும்போது, “இதுவும் சரிவரேல்லையெண்டா நான் இனி வாத்தியார் எண்ட நினைப்பையே விட்டிடுவன்” என்றாய். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. நீ ஹீட்டரைப் போட்டு, ஜன்னலை அடைத்து, ஈரக் காற்றில் மின்சாரம் தங்காதென்று எல்லா முன்னேற்பாடும் செய்திருந்தாய். பலூனை ஊதி, முன்வரிசைப் பெண்ணின் தலையில் தேய்த்துச் சுவரில் வைத்தாய். அது சுவரோடு வழுக்கிக் கீழே விழுந்தது. அடுத்த தலை. அதுவும் விழுந்தது. நாலாவது தலையில் உன் கை பளபளத்தது. தமிழ்ப் பள்ளிக்கென்று அம்மாக்கள் எல்லாப் பிள்ளைக்கும் வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்பியிருந்தார்கள்! எல்லாம் யோசித்த உனக்கு இது மட்டும் தோன்றவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நீ உள்ளங்கையை முகர்ந்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாய். “அவற்ர காலத்துப் பாரிஸ் தலையளில பவுடர். எங்கட தலையளில எண்ணெய். சரி, சொல்லுங்கோ பாப்பம், ஏன் ஒட்டேல்லை?” ஆங்கிலத்திலும் தமிழிலும் கூச்சல் கிளம்பியது. ஒருவன் தன் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினான். அதில் தேய்த்ததும் பலூன் சுவரில் கப்பென்று ஒட்டிக்கொண்டது. பிறகு, பிளாஸ்டிக் கப்பில் அலுமினியத் தாள் சுற்றி நீயே செய்த ஜாடி. பிள்ளைகள், கூட்டிப்போக வந்த அம்மாக்கள், தலைவர், நான் எல்லோரும் கைகோத்து நின்றோம். சுளீர்! முதலில் கத்தியது தலைவர். அடுத்த வாரமும் வரச் சொன்னதும் அவர்தான்.

உன் பாதிரியாரின் மின்சாரக் கொள்கை பிழை என்று பிற்பாடு தெரிந்ததாமே. “ஓம், பிழைதான். அதுக்கென்ன? சனத்தைக் கேள்வி கேக்க வைச்ச ஆள் அவர்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் அவருக்காகச் சண்டை பிடித்தாய். அன்று உன் கையைப் பிடித்திருந்தேன். “என்ன, ஷொக் அடிக்குதோ?” என்றாய். அடித்தது, தோழி. இன்றைக்கும் அடிக்கிறது.

நீ போன பிறகு, பௌதிகத்தில் ஓர் எழுத்துத் தெரியாத என் தலையில் உன் வகுப்பு விழுந்தது. என் முதல் வாரம் நான் புத்திசாலி மாதிரி, “நாளைக்குப் பிள்ளைங்க தலைக்கு எண்ணெய் வைக்காதீங்க” என்று அம்மாக்களுக்கு மெசேஜ் போட்டேன். எல்லாப் பலூனும் ஒட்டியது. பிள்ளைகள் கை தட்டினார்கள், போனை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த புதுப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அந்த மெசேஜைப் போடவில்லை. போன சனிக்கிழமை பலூன் வழுக்கி விழுந்தது. என்னிடம் ஆங்கிலம் தவிர வேறு பேசாத ஒரு பெண் எழுந்து, “ஏன் ஆன்ட்டி ஒட்டல?” என்றாள்.

பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, பலூனை அவள் கையில் கொடுத்தேன்.