நாம் அவசரமாகப் புதைத்தவள்

அயனம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் இன்று காலை மஞ்சள் கோடு போட்டார்கள். அந்தப் பெயின்ட் வாசனை மூன்றாவது மாடிவரை ஏறி வந்தது. ஜன்னலை அறைந்து சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

கரை ஒதுங்கிய கடலாமை செத்திருந்தால் ஓட்டின் மேல் மஞ்சள் அடித்துவிட்டுப் புதைப்பது நம் வழக்கம். நாய் தோண்டிப் போட்டால் மறுநாள் வருகிறவன் அதையே திரும்பக் கணக்கில் எழுதிவிடக் கூடாதல்லவா. நீ நெமிலிச்சேரியில் ஏறும் முதல் வண்டியில் நான் அம்பத்தூரில் ஏறிக்கொள்வேன். இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள், ஒரு பெயின்ட் டப்பா, ஒரு மண்வெட்டி. ரயிலில் நம்மைக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்றே நினைத்தார்கள்.

அந்தக் காலையில் ஒரே கரையில் பதினொன்று கிடந்தன. ஏழாவது ஆமையின் கண்ணைத் தொட்டேன், அசைவில்லை. பிரஷ்ஷை எடுத்தேன்.

"இரு மச்சான். வலைல மாட்டி மயங்கிக் கீதோ இன்னாவோ. கொஞ்ச நேரம் குந்திகினு பாப்போம்" என்றாய்.

"பத்து மணிக்குக் காலேஜ்ல இருக்கணும்டா" என்று சொல்லி மஞ்சளை அடித்தேன். குழியில் பாதி மண் விழுந்த பிறகு அவளுடைய முன்துடுப்பு ஒருமுறை அசைந்தது.

கையாலேயே தோண்டி எடுத்தோம். நுரையீரலில் இருந்த நீர் வடியட்டும் என்று பின்பக்கத்தை உயர்த்தி வைத்தாய். உன் சட்டையை நனைத்துப் போர்த்தினாய். மதியத்துக்குள் நிஜமாகவே செத்துப்போனாள். அறுத்துப் பார்த்தால் வயிறு நிறைய முட்டை. "யாராண்டயும் சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன்" என்றாய். கடைசிவரை சொல்லவேயில்லை.

மயங்கிய ஆமையைப் பிழைக்கவைப்பது எப்படி என்று முப்பது வருடம் வகுப்பெடுத்துப் பேர் வாங்கினேன். அதை எங்கே கற்றேன் என்று வாயைத் திறந்ததில்லை. ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில் அதைப் பேசத்தான் வந்தேன். "அத்த உடு மச்சான்" என்று மன்னித்துவிடுவாயோ என்று பயந்து பேசாமலே திரும்பிவிட்டேன். கோழை நான்.

நாம் எழுதிய அறிக்கைகளால் ஒரு வலையும் மாறவில்லை. இந்தத் தை மாதமும் ஆமைகள் வரிசையாகச் செத்துக் கிடக்கின்றன. மாணவர்கள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் ஒவ்வொன்றின் பக்கத்திலும், நாறத் தொடங்கியதன் பக்கத்திலும்கூட, மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். "சாருக்கு வயசாயிடுச்சு" என்கிறார்கள். இதுவரை ஒன்றுகூட அசையவில்லை. இனியும் அசையாது என்று எனக்குத் தெரியும். நாளைக் காலையும் போவேன்.