வூஹூவுக்குப் போகும் தனாக்காக் கட்டை

மிங்கலா தாங்ஞுன்ட், ரங்கூன்
14 ஜூலை 2006

அன்புள்ள மச்சானுக்கு நாஜியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லாரும் சுகம். மாமாவுக்கு இருமல் விட்டுவிட்டது, மழைதான் விடவில்லை.

இதை வீட்டாருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சரக்கெடுக்கச் சீனா வருகிற அப்துல் பாரி காக்கா கையில் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். தபாலில் வந்தால் வழக்கம்போல அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாரையும் உட்கார வைத்து மாமா உரக்கப் படிப்பார். அதற்குப் பயந்துதானோ என்னவோ, நீங்களும் மாதாமாதம் வூஹூ பட்டணத்தின் வரலாறு எழுதுகிறீர்கள்.

நாலு பக்கம், மச்சான்! கடலிலிருந்து அத்தனை தூரம் உள்ளே இருந்தும் யாங்சி ஆற்றில் கப்பல் வருகிறதாம். ஒரு காலத்தில் அரிசிச் சந்தைக்குப் பேர்போன ஊராம், இப்போது சிமெண்டும் காரும் செய்கிறதாம். நீங்கள் ஏற்றிவிடுகிற எஞ்சின் பெட்டிகளைப் பாரந்தூக்கி ஒரே மூச்சில் தூக்கிவிடுமாம். மாமா படிக்கப் படிக்க மாமி அடேயப்பா, அடேயப்பா என்கிறார்கள். கடைசியில், “நாஜியாவுக்கும் சலாம் சொல்லவும்.” சிமெண்டுக்கு அரைப் பக்கம், பெண்டாட்டிக்கு அரை வரி. எனக்கு வயிறு எரியாதா?

போன வெள்ளிக்கிழமை உம்மாவைப் பார்க்க அக்கரையில் டாலாவுக்குப் போனேன். படகில் நின்று நம் ஆற்றைப் பார்த்தேன். இதிலும் தண்ணீர்தான் ஓடுகிறது, கப்பல்தான் நிற்கிறது. கல்யாணமான புதிதில் இதே படகில் சுரைக்காய் பஜ்ஜி வாங்கி, கடைசித் துண்டை எனக்கென்று வைத்தீர்கள். அதையெல்லாம் எங்கே எழுதப்போகிறீர்கள்!

இப்போது லின்னுக்கு வருகிறேன். உங்களுக்குச் சீனத்தை மொழிபெயர்த்துச் சொல்கிற பெண். மார்ச் கடிதத்தில் அவள் கெட்டிக்காரி. ஏப்ரலில் ஹலால் கடை தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிப்போனவள். ஜூனில், அவள் முகத்துக்குப் பூச நம் ஊர்த் தனாக்காக் கட்டை ஒன்று வேண்டும், நாஜியாவிடம் சொல்லி நல்லதாக அனுப்பவும்! இதை மாமா வாயால், எல்லார் முன்னாலும் கேட்டேன். மாமி, “நல்ல புள்ளையாத்தான் இருக்கும். வாசமுள்ள கட்டையாப் பாத்து வாங்கி அனுப்பும்மா” என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

அதே கடிதத்தில், இன்னும் இரண்டு வருஷம் அங்கே இருக்க மாமாவிடம் அனுமதி கேட்டிருந்தீர்கள். மாமா அந்த இடத்திலேயே “இருக்கட்டும்” என்றார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், எனக்குச் சம்மதமில்லை. ஆமாம், பொறாமைதான். லின் மேல், அந்த ஊர் மேல், தினம் உங்களைப் பார்க்கிற அந்த ஆற்றின் மேல். சக்களத்தி என்றால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடலாம். ஒரு துறைமுகத்தோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்?

கட்டை அனுப்பியிருக்கிறேன். புதிது இல்லை. நீங்கள் புறப்படும் முன் எனக்கு வாங்கித் தந்ததுதான். இந்தப் பதினாறு மாதமும் காலையில் கல்லில் உரசிப் பூசியது. ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கும், என் கைவாகு உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் தண்ணீர் விட்டு உரசி மோந்து பாருங்கள். அதற்குப் பிறகும் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க மனம் வந்தால் கொடுத்துவிடுங்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இங்கே கல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் பூசவில்லை என்று மாமி கேட்டால், தோல் அரிக்கிறது என்கிறேன். வெறும் முகத்தோடு தெருவில் போனால் பர்மாக்காரிகள்கூட உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள்.

நோன்புக்கு முன் அல்லாஹ் உங்களை நலமாக வீடு சேர்ப்பானாக. வரும்போது கட்டையையும் கொண்டுவாருங்கள்.

துஆவுடன்,
உங்கள் நாஜியா